இடுப்பில் இருந்த கயிறு

என் மகள் அந்த டிஸ்க்கை எனக்குப் பரிசாகத்தான் வாங்கி வந்தாள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்று மதியம் நான் போட்ட சத்தத்தில், ஏதோ அவள்தான் குற்றம் செய்துவிட்டவள் போல முகம் வெளுத்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு, செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரி வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டு முடித்திருந்தோம். ஹைதராபாத் கச்சிபௌலியில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸில் பழைய படங்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்க்கிற சில பேர் இருக்கிறார்கள். எல்லாமே போனில் பார்க்கக் கிடைக்கிற காலத்தில் இது என்ன பைத்தியம் என்று நான் கேட்டதுண்டு. அவர்களில் ஒருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் நான் டூப் போட்ட அந்தத் தெலுங்குப் படத்தைக் கீறல், புள்ளி எல்லாம் நீக்கிச் சுத்தம் செய்து, ப்ளூரே டிஸ்க்காக, தடித்த அட்டைப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் ஒரு ஆறு, ஒரு பாறை, தண்ணீருக்கு வெளியே நீண்டிருக்கும் ஒரு கை.

"மம்மீ, இது உன் கைதானே?" என்று கேட்டாள்.

என் கைதான். கதாநாயகி அன்று ஆற்றங்கரைக்கே வரவில்லை.

படத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. காட்டு வழியில் ஒரு ஜீப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. கணவன் இறந்துபோகிறான். உயிர் பிழைத்த மனைவி, ஆற்றைப் பிடித்துக்கொண்டே தனியாக நடந்து ஊர் வந்து சேர்கிறாள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வந்த காலத்தில் தியேட்டரில் ஒரு வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை. பிறகு டிவியில் அடிக்கடி போட்டு, எங்கோ யாரோ பார்த்து எழுதி, இப்போது அது பெரிய படம் என்று ஆகிவிட்டது. பெரிய படம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்த ஆற்றுக் காட்சியைத்தான்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ரயில்வேக்காரர்களின் நீச்சல் குளத்தில் நான் மூன்றாம் வகுப்பிலிருந்து நீந்தினேன். எனக்கு அதில் திறமை இருந்தது. அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷம் அடக்கமாகச் சொல்லி என்ன கண்டேன்? எனக்கு நல்ல திறமை இருந்தது. மாநிலப் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். விளையாட்டு கோட்டாவில் ரயில்வேயிலேயே வேலை கிடைத்துவிடும் என்று என் கோச் நம்பிக்கையோடு இருந்தார். அவரிடம்தான் சினிமாக்காரர்கள் வந்து, கதாநாயகிக்குப் பதிலாக ஆற்றில் இறங்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் என்னைக் காட்டினார். அப்பாவுக்கு அரை மனது. கோச்சின் மேல் இருந்த மரியாதையில் சரி என்றார்.

நல்லமலைக் காட்டின் ஓரத்தில் படப்பிடிப்பு. ஒத்திகை பார்த்த நாட்களில் தடித்த கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு முனை என் இடுப்பில், மறு முனை கரையில் ஒரு மரத்தில். கொஞ்ச தூரம் ஆறு இழுத்துக்கொண்டு போகும், பிறகு கயிறு இறுகும், கரையில் நிற்கிற ஆட்கள் இழுத்து ஓரம் சேர்ப்பார்கள். எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. நடுவில் ஒரு ராத்திரி மேலே எங்கோ மழை பெய்தது. மறுநாள் காலை தண்ணீர் கலங்கி, சத்தம் கூடியிருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் டைரக்டருக்கு ரொம்ப சந்தோஷம். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார்.

தடித்த கயிறு கேமராவில் தெரிகிறது என்று சொல்லி, மெல்லிய கறுப்பு நைலான் கயிறு ஒன்றைக் கொடுத்தார்கள். உடைக்குள்ளே இடுப்பைச் சுற்றி நானே கட்டினேன். முடிச்சு போட எனக்குக் கோச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆற்றில் விழுந்தவர்களை மீட்கும்போது போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. மறு முனையைத் தண்ணீருக்கடியில் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட்டோம் என்று டைரக்டரே வந்து சொன்னார். என் தோளில் தட்டி, பயப்படாதே அம்மா, ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நீ முழுகுகிற மாதிரி செய், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

நான் முழுகுகிற மாதிரி செய்தேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. நீந்தத் தெரிந்தவள் நான். ஆற்றில் விழுந்த அந்த முதல் சில நொடிகளில் நான் நீந்தியிருந்தால் கரை சேர்ந்திருப்பேன். ஆனால் எனக்குக் கொடுத்த வேலை, நீந்தத் தெரியாதவள் போலக் கையைக் காலை அடிப்பது. அதை ஒழுங்காகச் செய்துகொண்டு, கயிறு இறுகும், இப்போது இறுகும் என்று காத்திருந்தேன். இறுகவே இல்லை. அது எனக்கு உறைத்தபோது ஆற்றின் வேகம் பிடித்துக்கொண்டுவிட்டது. இழுங்க, இழுங்க என்று கத்தினேன். அதற்கப்புறம் பாறை. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி.

இடது தோள் நொறுங்கியிருந்தது. நினைவு வந்து நான் முதலில் கேட்டது கயிறு என்ன ஆயிற்று என்றுதான். டைரக்டரும் தயாரிப்பு நிர்வாகியும் ஆப்பிள் கூடையோடு வந்தார்கள். உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது இடுப்பில் கயிறே இல்லை அம்மா, நீ போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நிர்வாகி சொன்னார். டைரக்டர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். போகட்டும், உயிர் பிழைத்ததே பெரிது, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார்.

என் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைகூப்பினார். என் பெண்ணின் கவனக்குறைவால் உங்கள் வேலை கெட்டுப்போய்விட்டது, பெரிய மனது பண்ணி மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னார். டைரக்டர் அவர் கைகளைப் பிடித்து, பரவாயில்லை, பரவாயில்லை என்றார். மன்னித்துவிட்டார்.

தோளுக்குள் பிளேட் வைத்தார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. நீச்சல் போனது, அதோடு ரயில்வே வேலையும் போனது. ஒரு பள்ளி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். கோச் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் பிறகு வரவில்லை.

வீட்டில் இது வேடிக்கைப் பேச்சாக மாறியது. ஊருக்குப் போகும்போது பெட்டி கட்ட நான் குனிந்தால் அண்ணா, "தள்ளு தள்ளு, நீ கட்டினா காஜிப்பேட்டை ஸ்டேஷன் வர்றதுக்குள்ள அவுந்துரும்" என்பார். கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டும்போது எனக்கு ஏணியைப் பிடிக்க மட்டும்தான் அனுமதி. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பா மட்டும் சிரித்ததில்லை. ஒரு முடிச்சு ஒழுங்காகப் போட்டிருந்தால் உன் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும் என்று, சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்கூட என்னிடம் சொன்னார். திட்டுகிற குரல்கூட இல்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். நான் கவனம் இல்லாதவள், என்னை நம்பி எதையும் விட முடியாது என்று எனக்கே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளியில் நீச்சல் வகுப்பு ஆரம்பித்தார்கள். அவள் அழுது கேட்டும் நான் அனுப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ கேம் விளையாடுகிற பெட்டியில் டிஸ்க்கைப் போட்டாள். படத்தை முழுசாகப் பார்த்தோம். என் கணவர் பாதியில் கண் அசந்துவிட்டார். ஆற்றுக் காட்சி வந்தது. படத்தைச் சுத்தம் செய்தவர்கள் சத்தத்தையும் சுத்தம் செய்திருக்கிறார்கள். டிவியில் பார்த்தபோதெல்லாம் தண்ணீர் இரைச்சலில் ஒரு அலறலாக மட்டும் கேட்டது, இப்போது தனித்தனியாகக் கேட்டது. இழுங்க. இழுங்க. தெலுங்குப் படத்தில் தமிழில் ஒரு பெண் கத்துகிறாள். யாரும் அது ஒரு சொல் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்கள்.

"மம்மீ, நீ ஏதோ சொல்றே," என்றாள் மகள். நிறுத்தி, பின்னால் நகர்த்தி, திரும்பப் போட்டாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

படம் முடிந்ததும் கூடுதல் பகுதிகள் என்று ஒன்று இருந்தது. படப்பிடிப்பு நடந்த காலத்தில் யாரோ சின்ன வீடியோ கேமராவில் பிடித்து வைத்திருந்த காட்சிகள், அவற்றின் மேல் டைரக்டர் இப்போது பேசிப் பதிவு செய்த குரல். மகள் அதையும் போட்டாள். சமையல்காரர்கள், மழையில் நனைந்த கூடாரங்கள், கதாநாயகி குடைக்குக் கீழே டீ குடிப்பது, பிறகு ஆறு.

டைரக்டரின் குரல் சிரித்துக்கொண்டே பேசியது. இந்தக் காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஒரு ரகசியம் சொல்கிறேன் என்றது. அந்தப் பெண் நல்ல நீச்சல்காரி, ஒத்திகையில் அவள் உடம்பில் பயமே இல்லை, எனக்கு உதவவில்லை. அதனால் கயிற்றின் மறு முனையை நாங்கள் எதிலும் கட்டவில்லை. சும்மா தண்ணீரில் விட்டுவிட்டோம். அவளுக்குத் தெரியாது. கீழே வளைவில் இரண்டு நீச்சல்காரர்களை நிறுத்தியிருந்தேன், ஆகவே ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கைகளைப் பாருங்கள். அந்தப் பயத்தை எந்த நடிகையால் கொடுக்க முடியும்? சினிமாவுக்காகச் சில நேரம் நாம் கொஞ்சம் கல்நெஞ்சாக இருக்க வேண்டும்.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணலில் கிடத்தினார்கள். கேமராக்காரர் பக்கத்தில் போய்விட்டார். சட்டை மேலே ஏறியிருந்தது. என் இடுப்பில் கறுப்புக் கயிறு இருந்தது. ஆற்று இழுப்பில் முடிச்சு சதையில் பதியும் அளவுக்கு இறுகியிருந்தது. மிச்சக் கயிறு நீளமாக ஆற்றுக்குள் போனது. ஒரு ஆள் கத்தியை எடுத்து அதை அறுத்துத் தூரப் போட்டான்.

நான் கத்தினேன் என்கிறார்கள். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கணவர் பதறி எழுந்தார். மகள் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு, ஸாரி மம்மீ, ஸாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, இன்னொரு முறை போடச் சொன்னேன். அந்த முடிச்சு வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். டிவி அருகில் போய் நின்று பார்த்தேன். என் முடிச்சுதான். கோச் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சு.

கணவர் நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது. என் கையைப் பிடித்து உட்கார வைத்து, எங்கள் ஊர் உருது கலந்து, "நக்கோ, வேணாம். விடு. கைக்கு, எதுக்கு டென்ஷன்? எல்லாம் முடிஞ்சுபோன விஷயம்," என்றார்.

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு. எனக்கு இன்னிக்குத்தான் நடந்திருக்கு," என்றேன்.

அன்று சாயங்காலமே அண்ணாவைக் கூப்பிட்டேன். அவரும் மல்காஜ்கிரியில்தான், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ரயில்வேயிலிருந்து ரிடையர் ஆனவர். என்ன விஷயம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அப்பா பாக்கல. நீங்க பாத்துட்டீங்க. நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"முடிச்சு அவுரலன்னு சொல்லுங்க."

அவர் என் மகளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். நாங்கள் எல்லாம் விளையாட்டுக்குத்தானே பேசினோம், அதையா மனதில் வைத்திருந்தாய் என்றார். நான் டிவியைக் கை காட்டினேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹவ், ஆமா. அவுரல," என்றார். டீ குடிக்காமல் எழுந்து போனார்.

மகள் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, என்னை நீச்சலுக்கு அனுப்பாதது இதனால்தானா என்று இங்கிலீஷில் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் அந்த ஆள் என்னிடமிருந்தும் ஒன்றை எடுத்திருக்கிறான் என்றாள். அவள் குரலில் இருந்த கோபம் என்னுடையதை விடத் தெளிவாக இருந்தது. அவள்தான் செய்தியைக் கண்டுபிடித்தாள். டிஸ்க் வெளியீட்டுக்காக மாதாப்பூரில் ஒரு அரங்கில் கூட்டம், டைரக்டர் நேரில் வருகிறார், ரசிகர்கள் கேள்வி கேட்கலாம். போகலாமா என்றாள். போகலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை. மல்காஜ்கிரியிலிருந்து மாதாப்பூர் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. டிராஃபிக்கில் கேப் நகரவே இல்லை. வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அரங்கில் எல்லோரும் சின்ன வயசுக்காரர்கள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு நேராக வந்தவர்கள். வாசலில் மேசை போட்டு டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் என் கை.

டைரக்டருக்கு வயதாகியிருந்தது. பேசும்போது மூச்சு வாங்கியது. அவரைப் பார்த்தால் கோபம் குறைந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. குறையவில்லை. மேடையில் அதே கயிற்றுக் கதையைச் சொன்னார். டிஸ்க்கில் சொன்னதைவிட நன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அரங்கம் சிரித்தது.

கேள்வி நேரம் வந்ததும் கை தூக்கினேன். வலது கையைத்தான் தூக்க முடியும். மைக் வந்தது. பேச்செல்லாம் தெலுங்கில்தான் நடந்தது, இங்கே தமிழில் எழுதுகிறேன். சார், ஆற்றில் நீங்கள் இறக்கிய அந்தப் பெண் நான்தான் என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, இதோ பாருங்கள், படத்தின் நிஜமான கதாநாயகி இவர்தான், எழுந்து நின்று கைதட்டுங்கள் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். விசில் அடித்தார்கள். போன்களை என் பக்கம் திருப்பினார்கள். அவ்வளவு கைதட்டல் நான் எந்தப் போட்டியிலும் வாங்கியதில்லை. அந்தச் சத்தத்துக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை இரண்டாம் முறையாகத் தண்ணீரில் தள்ளியது போல இருந்தது. வாயைத் திறந்தால் ஒருவருக்கும் கேட்காது. சத்தம் அடங்கும்வரை மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒழுங்கு செய்கிற ஒரு பெண் அதை வாங்க வந்தாள், நான் கொடுக்கவில்லை.

"சார், நான் கைதட்டல் வாங்க வரல," என்றேன். "ஆஸ்பத்திரில என் அப்பா உங்ககிட்ட மன்னிப்பு கேட்டார். என் இடுப்புல கயிறு இருந்தது அப்ப உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அவருக்கு என் அப்பாவை ஞாபகமே இல்லை என்று நினைக்கிறேன்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா படம் நின்னிருக்கும் அம்மா," என்றார். "இந்தப் பிள்ளைங்க யாரும் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டாங்க."

"என் நீச்சல் நின்னுபோச்சு. அத நீங்க ஒரு தடவகூட கேக்கல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தொகுப்பாளர் மேடைக்கு ஓடி வந்து, மிகவும் நெகிழ்ச்சியான தருணம் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். அடுத்த கேள்வி, எந்த லென்ஸ் பயன்படுத்தினீர்கள் என்பது. டைரக்டர் அதற்கு விரிவாகப் பதில் சொன்னார்.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். லிஃப்டில் எங்களோடு ஒரு இளைஞன் இறங்கினான், கையில் புது டிஸ்க். நல்ல பிள்ளைதான், கதவைப் பிடித்து எங்களுக்கு வழிவிட்டான். தப்பாக நினைக்காதீர்கள் ஆண்டி, நடந்தது தப்புதான், ஆனால் அந்த சீன் மாதிரி ஒன்று நம் சினிமாவில் இல்லை, உங்களுக்கு அது பெருமையாக இல்லையா என்று கேட்டான். என் தோளில் கை வைத்துப் பார்க்கிறாயா, உள்ளே பிளேட் தட்டுப்படும் என்றேன். அவன் டிஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ ஒன்று இரண்டு நாள் சுற்றியது. அதன் கீழே பலர் எனக்காகக் கோபப்பட்டிருந்தார்கள். பாதிப் பேர் விளம்பரத்துக்காக வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். மகள் படித்துக் காட்டினாள், போதும் என்றேன். அண்ணா அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டு, என் தங்கச்சி கட்டிய முடிச்சு அவிழவில்லை, இத்தனை நாள் நாங்கள் தப்பாகப் பேசிவிட்டோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதைப் பார்த்து அழுகை வந்தது. அழுததற்காகவும் என் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த வாரம் டிஸ்க்கை வெளியிட்ட கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையாகப் பேசினாள். எங்களுக்கு ரொம்ப வருத்தம் மேடம், டைரக்டர் பேசியதை நாங்கள் முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டும், அடுத்த முறை டிஸ்க் போடும்போது அந்தப் பகுதியை முழுவதுமாக எடுத்துவிடுகிறோம் என்றாள். நான் நிம்மதி அடைவேன் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

அந்தப் பகுதி ஒன்றுதான் நான் சொல்வதற்குச் சாட்சி. என் இடுப்பில் கயிறு இருந்தது அதில் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், ஆற்றுக் காட்சி அப்படியே இருக்கும், என் அலறல் அப்படியே இருக்கும், பெட்டியின் மேல் என் கை அப்படியே இருக்கும். என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. முதல் முறை கத்தியால் அறுத்தார்கள், இப்போது கம்ப்யூட்டரில் அறுப்பார்கள்.

எடுக்காதீர்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. டைரக்டர் பேசியது ஒரு வார்த்தை விடாமல் அப்படியே இருக்கட்டும், அந்தக் காட்சியில் இருப்பது யார் என்று என் பெயரைப் போடுங்கள், அவளுக்குத் தெரியாமல் கயிற்றின் மறு முனை கட்டப்படாமல் விடப்பட்டது, அவள் தோள் உடைந்தது என்று கீழே எழுதுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டாள். வக்கீல்களிடம் கேட்டார்களாம். அப்படியெல்லாம் எழுதுவது கஷ்டமாம். ஆனால் படத்தின் கடைசியில், சிறப்பு நன்றி என்று என் பெயரைச் சேர்க்கத் தயாராக இருக்கிறார்களாம்.

நன்றி. என்னைக் கேட்டுச் செய்திருந்தால் நன்றி சொல்லலாம். நான் கொடுத்ததற்குத்தானே நன்றி? பிடுங்கிக்கொண்டதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வேலை பார்க்கிறவள், அவளைத் திட்டி என்ன பயன் என்று குரலை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன். அவள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் மேடம் என்று தணிந்த குரலில் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து, அவர் இந்த வேலையில் இப்போது இல்லை என்கிறார்கள்.

அடுத்த பதிப்பு எப்போது வரும், அதில் எது இருக்கும், எது இருக்காது என்று எனக்குத் தெரியாது. கணவர், நீ எழுதி வைத்துவிடு, அப்போதாவது தூக்கம் வரும் என்றார். தூக்கத்துக்காக இதை எழுதவில்லை. நான் கட்டியது அவிழவில்லை. அவர்கள் கட்டவே இல்லை. அந்த டிஸ்க்கில் அவர்கள் எதை அறுத்து எடுத்தாலும், இது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.